புரியாத படங்கள்

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாக விட்டு எழுந்திருக்க மாட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை உட்கார வைத்து ஒரு படம் போட்டுக் காட்டினேன். ஒன்றரை மணி நேரம் அசையாமல் பார்த்தார். படம் முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி ஸார், இதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாமலா நாலு தடவை பார்த்திருக்கிறீர்கள்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அந்தப் படம் லூயி புனுவல் என்ற ஸ்பெயின் தேசத்துக்காரர் 1962-இல் மெக்ஸிகோவில் எடுத்தது. பெயரைத் தமிழில் 'சங்கார தேவதை' என்று சொல்லலாம். கதை சுருக்கமானது. ஒரு பணக்காரர் வீட்டில் விருந்து. ஸங்கீத நாடகம் பார்த்துவிட்டுப் பெரிய மனிதர்கள் சாப்பிட வருகிறார்கள். அவர்கள் வருகிற வேளையிலேயே வேலைக்காரர்கள் ஏதேதோ சாக்குச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். சாப்பாடு முடிகிறது. ஒரு சீமாட்டி பியானோ வாசிக்கிறாள். நேரமாகிறது. ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயே படுத்துவிடுகிறார்கள். பொழுது விடிந்தபின்தான் விஷயம் தெரிகிறது: அந்தக் கூடத்தை விட்டு யாராலும் வெளியே போக முடியவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது. தடுப்பார் இல்லை. வாசல்வரை வருகிறார்கள், நிற்கிறார்கள், ஏதோ நினைத்துக்கொண்டவர்கள் போல் திரும்பிவிடுகிறார்கள். நாட்கள் போகின்றன. வெளியே போலீஸும் கூட்டமும் கூடுகிறது. அவர்களாலும் உள்ளே வர முடியவில்லை.

ஏன் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு திரைப்படக் கழகத்தில் இதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கதை எழுதுகிறவன். ஒருவன் வீட்டை விட்டுப் போனான் என்று எழுதினால், ஏன் போனான் என்று இரண்டு பக்கமாவது எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகாசிரியர் கேட்பார். அவர் விட்டாலும் வாசகர் கடிதம் எழுதிக் கேட்பார். நான் வருஷக்கணக்காகக் கட்டிவந்த வரியை இந்த மனுஷன் கட்டாமலே தப்பித்துக்கொண்டாரே என்று வயிற்றெரிச்சல்.

அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1929-இல் பாரிஸில் வெளியான அவருடைய முதல் படத்துக்கு 'ஆந்தலூஸியா நாய்' என்று அர்த்தம் வருகிற பெயர். படத்தில் நாயும் கிடையாது, ஆந்தலூஸியாவும் கிடையாது. கால் மணிக்குச் சற்று அதிகமாக ஓடும் சின்னப் படம். அதுவும் பிறந்தது சொப்பனத்தில்தான். சவரக்கத்தி கண்ணைக் கீறுவது போல ஒரு மேகம் சந்திரனைக் கீறிக்கொண்டு போவதாகப் புனுவல் கனவு கண்டார். உள்ளங்கையில் எறும்புகள் மொய்ப்பதாக அவருடைய சிநேகிதர், ஓவியர் ஸால்வடோர் டாலி கனவு கண்டார். இருவரும் உட்கார்ந்து ஒரு வாரத்துக்குள் கதையை எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: காரணம் சொல்லி விளக்கக்கூடிய எந்தக் காட்சியும் உள்ளே வரக்கூடாது. பணம் கொடுத்தது புனுவலின் தாயார். அதில் பாதியைக் கேளிக்கையில் தொலைத்துவிட்டதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பெண்ணின் கண்ணைச் சவரக்கத்தி கீறுகிறது. கத்தியைப் பிடித்திருப்பவர் புனுவலேதான். கீறப்பட்டது செத்த கன்றுக்குட்டியின் கண். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடம் வரும்போது என் கண் தானாக மூடிக்கொள்கிறது. முதல் காட்சியன்று ஜனங்கள் அடிக்க வந்தால் திருப்பி எறிவதற்காகச் சட்டைப்பையில் கல்லை நிரப்பிக்கொண்டு, திரைக்குப் பின்னால் கிராமபோன் தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாராம். ஜனங்கள் கை தட்டினார்கள். கல் வீணாயிற்று.

காரணமில்லாமல் எழுதுவது சுலபம் என்று தோன்றும். நானும் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. 'கிழவி விளக்கை ஊதி அணைத்தாள்' என்று எழுதினால், எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் என்று மனசு பின்னாலேயே ஓடி வந்து காரணம் சொல்லுகிறது. கல்லை எறிந்து விரட்டினாலும் நாய் போலத் திரும்பி வருகிறது. அன்றைக்குத்தான் இந்தப் படங்களின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதற்காகப் புரியாததெல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் போலிகளுக்குப் பஞ்சமில்லை. புகையை விட்டு, கடிகாரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கச் சொல்லிவிட்டால் கலை ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். நிஜத்தையும் போலியையும் பிரிக்க நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். நல்ல படத்தில் நடக்காத காரியம் ஒன்றே ஒன்றுதான் நடக்கும். மற்றதெல்லாம் கறாராக நடக்கும். 'சங்கார தேவதை'யில் கூடத்தை விட்டுப் போக முடியவில்லை என்பது ஒன்றுதான் பொய். அதை ஒப்புக்கொண்டால் மீதி அத்தனையும் நிஜம். தாகம் எடுக்கிறது, சுவரை உடைத்துத் தண்ணீர்க் குழாயைத் தேடுகிறார்கள். பசிக்கிறது, தப்பி வந்த ஆட்டை அறுத்து, மரச் சாமான்களை எரித்துச் சுடுகிறார்கள். அலமாரிதான் கழிப்பறை. சீமாட்டிகளின் பேச்சு நாளுக்கு நாள் தடிக்கிறது. கணக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

1977-இல் வெளிவந்த 'எரேஸர்ஹெட்' என்ற அமெரிக்கப் படமும் இந்தச் சோதனையில் தேறும். டேவிட் லிஞ்ச் சுமார் ஐந்து வருஷம் பாடுபட்டு எடுத்தது. ஒரு சாதுவான இளைஞனுக்கு மனிதச் சாயலே இல்லாத ஒரு குழந்தை பிறக்கிறது. அது ஒன்றுதான் பொய். இரவு முழுவதும் அது அழுவதும், தூக்கமில்லாத தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்தகம் போவதும், தகப்பன் விழித்துக்கொண்டு கிடப்பதும் எந்த வீட்டில் நடக்காதது? படம் முழுக்க எங்கேயோ யந்திரம் ஓடுவது போல ஒரு ரீங்காரம். கண்ணை மூடிக்கொண்டாலும் அது விடாது. அதன் அர்த்தத்தையும் சரி, அந்தக் குழந்தையை எதால் செய்தார் என்பதையும் சரி, லிஞ்ச் 2025 ஜனவரியில் காலமாகும்வரை சொல்லவே இல்லை.

ஆகவே, அர்த்தம் என்ன என்பதைவிட, பார்த்தபின் நமக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்பதை நாலு நாள் கழித்து அவரே வந்து சொன்னார். "நேற்று ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனேன், ஸார். சாப்பாடு ஆச்சு, தாம்பூலம் ஆச்சு. ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல் ஓடி வந்துவிட்டேன்!" இதைவிடப் பெரிய விமரிசனத்தை யார் எழுத முடியும்?

எனக்கு ஆனது வேறு.

2015-இல் என் தகப்பனாருக்கு ஞாபகம் தேய ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு நாட்கள் போயின. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் காலார நடந்துவரத் தயாராகி, கைத்தடியுடன் நிலைப்படிவரை வருவார். அங்கே நின்றுவிடுவார். காலில் குறை ஒன்றும் இல்லை. வாசலில் தடையும் இல்லை. "ஏன் நிற்கிறீர்கள்? என்ன இருக்கிறது அங்கே?" என்று கேட்பேன். நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பாரே தவிரப் பதில் வராது. ஒரு நாள் நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தப்புச் செய்த பையனைப் போல உள்ளே போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் 'சங்கார தேவதை'யை மறுபடி போட்டேன். வாசல்வரை வந்து நின்று திரும்புகிற அந்த முகங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தினம் என் வீட்டில் பார்க்கிற முகம்!

பிறகு புனுவலின் சுயசரிதையைத் தேடிப் படித்தேன். 1982-இல் வெளிவந்த புத்தகம். அது தாயாரைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறது. முதல் படத்துக்குப் பணம் கொடுத்த அதே தாயார். கடைசிப் பத்து வருஷம் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஒரே பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவாராம். வாங்கித் திருப்பிக் கொடுத்தால் புதிதாக மறுபடி புரட்டுவாராம். புனுவல் அறையை விட்டு வெளியே வந்து உடனே திரும்ப நுழைவார். தாயார் அப்போதுதான் பார்ப்பது போல அதே சிரிப்புடன் உட்காரச் சொல்வாராம். பிள்ளையின் பெயர்கூட நினைவில்லை. அவர் 'ஏன்' என்று கேட்டதாக எழுதவில்லை. மறுபடி வெளியே போய் மறுபடி உள்ளே வந்திருக்கிறார். அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வழக்கம்போல் நிலைப்படியில் நின்றார். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் பால்காரன் சைக்கிள் போயிற்று. எதிர்வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். வெகு நேரம் ஆனது. அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னடா, நீயும் போகலையா?"

"போகலாம்ப்பா. என்ன அவசரம்?" என்றேன்.

அவர் சிரித்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். படியைத் தாண்டிய நாளும் உண்டு, தாண்டாத நாளும் உண்டு. ஏன் என்று நான் பிறகு கேட்கவே இல்லை.