பதினேழும் பன்னிரண்டும்

அப்பா உரக்கடையை மூடி ஏழு வருடம் ஆகிறது. கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. சின்னமனூர் வீட்டுக் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு நீள நோட்டு கிடக்கும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், கடைசிக் கட்டத்தில் மைலேஜ். 2014இல் அந்தச் சின்னக் காரை வாங்கிய வாரத்திலிருந்து ஒரு வரிகூட விடுபடவில்லை. டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த முறை மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதை வைத்துத்தான் வகுப்பார். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் 'ஐந்நூறுக்குப் போடு' என்று சொல்லிவிட்டு, மைலேஜ் இவ்வளவு வருகிறது என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறவர்கள். அப்பா அந்த ரகம் இல்லை.

2025 ஆனி மாதம் நான் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது நோட்டை என் முன்னால் விரித்துப் போட்டார்.

"பதினேழு குடுத்த வண்டி பன்னண்டுக்கு வந்துருச்சு. நீ இன்ஜினியர்தானே, என்னான்னு பாரு."

நான் எழுதுவது மென்பொருள். ஆனாலும் இந்த மாதிரி வேலையில் ஒரு போதை உண்டு. எண் இருக்கிறது, எண் குறைந்திருக்கிறது, காரணம் எங்கோ ஒளிந்திருக்கிறது. பத்து நாள் லீவில் அதைப் பிடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

தேனிப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எந்த பங்க்ல போட்டீங்க?" என்பதுதான். அதனால் பங்க்கிலிருந்தே தொடங்கினேன். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்குவளை எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் நம் கண்முன் அளந்து காட்ட வேண்டும் என்பது விதி. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி கூடலாம், குறையலாம். கேட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அளந்தான். சரியாக இருந்தது.

அடுத்த சந்தேகம் பெட்ரோல் மேல். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கணக்கில் செய்யப்பட்ட கார்களில் இதனால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பதினேழில் ஏழு சதவீதம் போனால்கூடப் பதினாறு கிட்ட நிற்க வேண்டும். பன்னிரண்டுக்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு காற்று. ஆனி, ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், குலை தள்ளிய வாழைத் தோட்டத்தை ஒரே இரவில் படுக்கவைத்துவிடும். அறுபதில் போகும் காருக்கு எதிரே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காருக்கு அது தொண்ணூறில் அடிக்கும் காற்று. எதிர்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போய் அப்பாவிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். நோட்டைப் புரட்டி மார்கழியின் வரியைக் காட்டினார். அப்போதும் பன்னிரண்டரைதான்.

டயர் காற்று நான்கிலும் குறைவாக இருந்தது, ஏற்றினேன். ஏர் ஃபில்டரில் ஊர் மண் முழுக்க இருந்தது, மாற்றினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி செல்போனோடு இணைத்தேன். இன்ஜின் சூடு 88, 90 டிகிரியில் ஒழுங்காக நின்றது. அதனால் தெர்மோஸ்டாட் கெடவில்லை. எரிபொருள் திருத்தம் நாலு சதவீதம் கூட்டிக் காட்டியது. எத்தனால் கூடும்போது கம்ப்யூட்டர் அந்த அளவுக்குக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆக இன்ஜின் சுத்தம்.

அந்த ஸ்கேனரோடு அக்கா வீட்டுக்குக் குமுளிவரை ஒருநாள் நானே ஓட்டிப் போனேன். லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறுகிறது. சின்னமனூருக்கும் குமுளிக்கும் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயர வித்தியாசம். ஆளோடு சேர்த்துத் தொள்ளாயிரம் கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பெட்ரோல் வேண்டும். அதே மலையில் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. நாம் இறங்கும்போது கிடைப்பது பிரேக் சூடு மட்டும்.

இறக்கத்தில் அப்பா எப்போதும் நியூட்ரலில் விடுவார். கார்புரேட்டர் காலத்துப் பாடம். இப்போதைய வண்டியில் கியரில் வைத்துக் கால் எடுத்தால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், ஒரு சொட்டு போகாது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் உயிரோடு இருக்கப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் தனியாக மலையைச் சுமக்க வேண்டும். திரையில் பூஜ்யம் வந்ததைப் பார்த்தபோது திருடனைப் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் நியூட்ரலில் அவர் 2014இலிருந்தே இறங்குகிறார்.

நான் ஓட்டிய அந்தப் பயணத்துக்கு டேங்க் கணக்கு 16.4 வந்தது. அடுத்த வாரம் அப்பா ஓட்டினார். 12.6. அதே வண்டி, அதே ரோடு.

காரணத்தைச் சொன்னது ஸ்கேனர் இல்லை, எதிர்வீட்டு மாமா. "மாப்ள, ஒங்கப்பா வண்டி பிரேக் லைட் சுவிட்ச்சு போயிருச்சு போல. சீலையம்பட்டியிலருந்து பின்னாடியே வாரேன், எரிஞ்சுக்கிட்டே வருது" என்றார். சுவிட்சைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மறுநாள் காலை அப்பா உத்தமபாளையம் கிளம்பியபோது பைக்கில் பின்னால் போனேன். நேரான ரோடு, முன்னால் யாரும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அவர் நிறுத்திய இடத்தில் முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். சூட்டில் வைக்க முடியவில்லை. பட்டறையில் இரண்டு வருடத்தில் மூன்று முறை பிரேக் பேட் மாற்றியதும் நோட்டில்தான் இருக்கிறது. வேறு பக்கத்தில், செலவுக் கணக்கில். நான் மைலேஜ் பக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். சர்க்கரைக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த எம்சிஆர் செருப்பு, அகலமான அடி. ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்த பாதத்தின் இடது ஓரம் பிரேக் பெடலிலும் ஏறியிருந்தது.

"அப்பா, பிரேக் மேல கால் இருக்கு."

"இல்லையே" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"இருக்குப்பா."

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அதற்கு முந்தைய வருடம் தேனியில் டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் அவருடைய உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சில இடத்தில் ஆமாம் என்றார், பல இடத்தில் சும்மா இருந்தார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன், காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. 'பாதத்தை தினமும் பாருங்க, செருப்பில்லாம நடக்காதீங்க' என்றது மட்டும் காதில் விழுந்தது. கார் ஓட்டுகிறாரா என்று அவர் கேட்டாரா, தெரியாது.

பெட்ரோல் போனது போகட்டும். பிரேக்கில் கால் இருப்பது தெரியாதவருக்கு, அவசரத்தில் ஆக்ஸிலேட்டரில் கால் இருப்பதும் தெரியாது. சின்னமனூர் பள்ளிக்கூடம் விடும் நேரத்தை நினைத்தேன்.

சொல்ல இரண்டு நாள் ஆனது. சொன்னதும் செருப்புதான் காரணம் என்றார், பழைய தோல் செருப்பைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். அப்புறம் வெறுங்காலோடு. "அதத்தானேப்பா டாக்டர் கூடாதுன்னாரு" என்றேன். கோபப்படவில்லை. சாவியைக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, "அந்தக் கணக்கையும் போட்ரு. ஏன் காலு குடிச்ச பெட்ரோலு எவ்வளவு?" என்றார். நான் போடவில்லை. அவரே போட்டிருக்கிறார் என்பதைப் பிறகு நோட்டில் பார்த்தேன். மைலேஜ் கட்டத்துக்கு வெளியே, பென்சிலில், ரூபாயில்.

இப்போது தெருவில் ஒரு தம்பி வாரத்துக்கு இரண்டு நாள் வந்து ஓட்டுகிறான். நான் வந்தால் நான். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது அப்பா இடப்பக்கம் உட்கார்ந்து, பங்க்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் எண்ணை எழுதினார். திரும்பி இறங்கும்போது முதல் வளைவிலேயே, "நியூட்ரல்ல விடுடா, சும்மாவே உருளும்" என்றார். நான் இரண்டாவது கியரிலேயே வைத்திருந்தேன். இன்ஜின் முனகியது. அவர் வலது காலை முன்னால் நீட்டி வெறும் தரையை அழுத்திக்கொண்டு, மலையில் இறங்கும் குழாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.