முந்தானைக்கு ஒரு காவல்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஆசாமி வந்து சேர்ந்தார். எடை 191 கிலோ. நிறம் சிவப்பு. பெயர் மீட்டியோர் 350.

பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் ஒன்று காசிக்குப் போவார், அல்லது கொல்லையில் கத்தரி போடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதுவும் 'குரூஸர்' ரகம். சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆசனம் தரையிலிருந்து 765 மில்லிமீட்டர்தான். காலைச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நெடுந்தூரம் நிதானமாகப் போகலாமாம்.

எங்கள் பள்ளத்தூருக்கும் சக்கரத்துக்கும் பழைய உறவு உண்டு. இவ்வூர் முருகப்பச் செட்டியார் குடும்பத்தார்தாம் 1949-இல் இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். "ஊர்ப் பெருமைக்கு ஒரு சைக்கிள் வாங்கி மிதித்தால் உடம்புக்கும் நல்லதாச்சே!" என்றேன்.

"இதுவும் மதராஸ் சரக்குதான். என்பீல்டு 1955-லேயே மதராஸுக்கு வந்தாச்சு" என்று வாயை அடைத்துவிட்டார்.

வந்த வண்டியை வீட்டுக்குள் ஏற்ற முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்புக்கு ஏற எத்தனை படி! நல்ல வேளையாக இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பின்வாசலில் சிமெண்டுச் சரிவு கட்டி உள்ளே கொண்டுவந்தோம். ஆக, முதல் மாற்றம் வண்டிக்கல்ல, வீட்டுக்கு!

வண்டிக்குச் செய்ய வேண்டிய மாற்றங்களைச் சென்னையிலிருக்கும் பையன் போனில் அடுக்கினான். இவர் காலண்டர் தாளின் பின்புறத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார். சைலன்சரை மாற்றி, சத்தம் கூட்டுவது. முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி. காலுக்குக் கம்பி. பிறகு, "அப்பச்சி, அந்தச் சேலை கார்டைக் கழட்டிருங்க. வண்டி அழகே கெட்டுப் போகுது."

அதையும் எழுதிக்கொண்டார்.

அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

1979-இல் எனக்குப் பத்து வயது. என் அப்பச்சியிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. துடைப்பதற்குச் சௌகரியமாக இருக்கும் என்று பின்சக்கரத்துத் தடுப்பை எப்போதோ கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். ஆத்தா கண்டாங்கி கட்டி, ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லையைத் தாண்டவில்லை. முந்தானை சக்கரத்தில் சிக்கி அவளை இழுத்துக் கீழே எறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். வலது முழங்கை மட்டும் பிறகு முழுசாக மடங்கவேயில்லை. பின்னந்தலைக்குக் கை எட்டாது. கல்யாணமாகி நான் புறப்படும்வரை அவளுக்குக் கொண்டை போட்டது நான்தான். அப்பச்சி அந்த வண்டியை அந்த மாதமே விற்றுவிட்டார். கடைசி வரையில் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இவருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மறுபடி சொன்னேன். தாளை எடுத்து, அந்த வரியின் மேல் இரண்டு தரம் கோடு போட்டார். பிறகு என்ன தோன்றிற்றோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டம் படிக்க உட்கார்ந்துவிட்டார். (பாங்குக்காரர்கள் எதையும் விதியோடு ஒத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.)

1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி நம் முந்தானைக்காகவே எழுதினாற்போல் இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. இன்னொன்று: பதிவுப் புத்தகத்திலுள்ள விவரத்துக்கு மாறாக, கம்பெனி செய்துகொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-இல் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டதும் சைலன்சர் ஆசையும் அடிபட்டுப் போயிற்று. பையனுக்குத்தான் வருத்தம்.

சேர்த்தது ஒன்றே ஒன்று: எனக்கு முதுகு சாயத் திண்டு. 2020 நவம்பரில் மீட்டியோர் வந்தபோது ஃபயர்பால், ஸ்டெல்லார், சூப்பர்நோவா என்று மூன்று ரகம் வந்தது. பின்னிரண்டிலும் முதுகுத் திண்டு உண்டு. சூப்பர்நோவாவில் காற்றுக் கண்ணாடியும் உண்டு. இவரோ நிறத்தில் மயங்கி ஃபயர்பால் வாங்கினார்! வாங்குமுன் நம்மை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தனியாகச் செலவு வந்திருக்குமா, சொல்லுங்கள்? கண்ணாடிக்கு அடுத்த மாதம் பணம் ஒதுக்கியிருக்கிறேன்.

என் பங்குக்கு நானும் மாறினேன். ஐம்பத்தேழு வயதில் சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப் பழகுகிறேன். ஹெல்மெட்தான் கொண்டையில் இடிக்கிறது. பின்னல் போட்டுச் சமாளிக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவைப் பார்க்கப் போனோம். வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்தாள். சிவப்பையும் பார்க்கவில்லை, புதுத் திண்டையும் பார்க்கவில்லை. நேரே பின்சக்கரத்தின் பக்கம் போய், இடது கை விரலைக் கம்பித் தடுப்பில் விட்டு, இங்கொரு தரம், அங்கொரு தரம் அசைத்துப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு. நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றாள்.

"ஏறுங்களேன், கோவில் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றார் இவர்.

"நான் மாட்டேன்யா. அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நான் இங்கேயே நின்னு பார்க்கறேன்."

தெருமுனை திரும்புகிற வரையில் நின்றுகொண்டிருந்தாள்.