திரையில் ஓர் அரங்கேற்றம்

நூல் ஒன்றை எழுதி முடித்த அளவிலேயே அது நிறைவுற்றதாக நம் முன்னோர் கருதவில்லை. கற்றோர் கூடிய அவையில் அதனைப் படித்துக் காட்டி, அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, திருத்த வேண்டுவனவற்றைத் திருத்திய பின்னரே அஃது உலகுக்கு உரியதாயிற்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் தெரிவிக்கின்றது. வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் உமறுப்புலவர் பாடத் தொடங்கிய சீறாப்புராணம், பின்னர் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறிற்று என்பர். இச்செய்திகளை ஆண்டுதோறும் வகுப்பறையில் மாணவர்க்கு எடுத்துரைத்து வருபவன் நான். ஆயினும், அவையின் முன் நிற்பது எத்தகையது என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னர், ஓர் இணையதளத்தின் வாயிலாகத்தான் நான் உணர்ந்தேன்.

எங்கள் துறைக்கென ஓர் இணையதளம் வேண்டும் என முடிவு செய்யப்பட்டபோது, அப்பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கணிப்பொறித்துறை மாணவர் இருவர் உடனிருந்து உதவினர். தொழில்நுட்பம் அவர்களுடையது, அழகுணர்ச்சி என்னுடையது. இளம்பச்சைப் பின்னணியில் பொன்னிற எழுத்துகள். மேலே தோரண வளைவு. அதன்கீழ் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும் வரவேற்பு வரி. அதனையடுத்து நான் எழுதிய நெடியதொரு முகவுரை. ‘பாடத்திட்டம்’, ‘ஆசிரியர்கள்’, ‘நிகழ்ச்சிகள்’ என்றெல்லாம் வெறுமனே பெயரிடுதல் தமிழ்த்துறைக்கு அழகோ? எனவே ‘பேழை’, ‘சான்றோர் முற்றம்’, ‘சோலை’ எனப் பெயர் சூட்டினேன். துறையின் பழைய மலர்களிலிருந்து கட்டுரைகளைத் தொகுத்து ‘கருவூலம்’ எனும் பகுதியையும் அமைத்தேன். இரண்டு மாத உழைப்பு அது. வேலை முடிந்த இரவில் வீட்டார் அனைவரையும் அழைத்துக் காட்டினேன். “நன்றாகத்தான் இருக்கிறது” என்றார் என் துணைவியார். அந்தத் ‘தான்’ எனும் இடைச்சொல்லை அன்று நான் கவனிக்கவில்லை.

துறையிலும், “எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “அருமை ஐயா” என்றனர் மாணவர். “நன்று” என்றனர் உடன் பணியாற்றுவோர். மகிழ்ச்சியோடு கணிப்பொறித்துறைப் பேராசிரியரான நண்பரிடம் இதனைக் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே, “நீங்கள் கேட்டது கருத்து அன்று, பாராட்டு. கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள்” என்றார். பிறகு வழி ஒன்றும் சொன்னார். பார்ப்பவரிடம் கருத்துக் கேட்காமல் ஒரு வேலை கொடுக்க வேண்டும். அவர் அதனைச் செய்யும்போது அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பார்க்க வேண்டும். எங்கே தயங்குகிறார், எங்கே இடறுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஐந்து பேரே போதும் என்பதை இத்துறை அறிஞரான யாக்கோபு நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். ஐவர் இடறும் இடங்களிலேயே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடுமாம்.

அவ்வாறே, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் நூலகத்தின் ஒரு மூலையில் என் அவை கூடிற்று. என் நண்பரோடு சேர்த்து அவையினர் ஐவர்.

முதலாவதாக அமர்ந்தவர் முதலாமாண்டு மாணவர். தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை. “இரண்டாம் பருவப் பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டுக” என்றேன். அவர் தம் கைப்பேசியில் மேலும் கீழுமாகத் தேடினார். ‘சோலை’க்குள் நுழைந்து திரும்பினார், ‘முற்றத்தில்’ நின்று விழித்தார். பாடத்திட்டம் ‘பேழை’க்குள் இருப்பதை அவர் எவ்வாறு அறிவார்? ஆறு நிமிடங்கள் கழிந்தன. “எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று கைப்பேசியைத் தாழ்த்தினார். அச்சொல் என்னைச் சுட்டது. பிழை என்னுடையது, மன்னிப்புக் கேட்பவரோ அவர்! பவணந்தியார் நன்னூலில் வகுத்த பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்பதும் ஒன்று. பல்லாண்டுகளாக அதற்குப் பொருள் சொல்லி வந்த நான், அன்றுதான் அதற்கோர் எடுத்துக்காட்டைக் கண்டேன்.

அடுத்து வந்தவர் துறையின் மூத்த பேராசிரியை. அவருக்குத் தந்த பணி, நிகழ்ச்சிகளின் பட்டியலைக் கண்டறிவது. அவரோ என் முகவுரையிலேயே நின்றுவிட்டார். “தம்பி, ‘பெருமை’ எனும் சொல் இதில் ஏழு முறை வருகிறது. இது ‘கூறியது கூறல்’ அன்றோ? வருகின்றவர் உங்கள் உரைநடையைப் பார்க்கவா வருகிறார்?” என்றார். அம்மையார் முன்பு எனக்கும் ஆசிரியராக இருந்தவர். எனவே நான் வாயடைத்து நின்றேன்.

மூன்றாமவர், இக்கல்லூரியின் முன்னாள் மாணவரான எழுபது வயது ஹாஜியார். தம் ஆசிரியர் எழுதிய கட்டுரை ஒன்றைப் பழைய மலரில் காண விரும்பி வந்திருந்தார். கைப்பேசியை முகத்தருகே கொண்டுவந்தார். பின் கை நீளுமட்டும் தள்ளிப் பிடித்தார். சன்னலோரம் சென்று வெளிச்சத்தில் பார்த்தார். “எழுத்து இருப்பது தெரிகிறது தம்பி, எழுத்துத்தான் தெரியவில்லை” என்றார். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 எனும் அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என, இணையத்தை யாவரும் பயன்படுத்துவதற்கென 2008ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு நெறிமுறை கூறுகிறது. இளம்பச்சை மீது பொன்னிறம் அந்த அளவை எட்டவே இல்லை என்பதை என் நண்பர் அங்கேயே அளந்து காட்டினார். வரிகளின் இரு ஓரங்களையும் நேராக்கியதும் தவறே என்றார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் வரிக்கு இரண்டு, மூன்று சொற்களே அடங்கும். அவற்றை இழுத்து ஓரங்களை நேராக்கினால் இடையிடையே பள்ளங்கள் விழும். அச்சு மலரில் அழகாயிருந்தது, கைப்பேசியில் அலங்கோலமாயிற்று.

இறுதியாக வந்தவர் பார்வையற்ற முதுகலை மாணவர். கணிப்பொறித் திரையில் உள்ளவற்றைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு பயில்பவர். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கி, 2006ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் என்.வி.டி.ஏ. எனும் மென்பொருளையே அவர் பயன்படுத்துகிறார். செவியில் கேட்பொறியைப் பொருத்தாமல், அனைவரும் கேட்குமாறு அதனை இயக்கச் சொன்னேன். ‘கருவூலம்’ பகுதிக்குள் சென்றார். பழைய மலர்களின் பக்கங்களை நான் நிழற்படங்களாகவே ஏற்றியிருந்தேன். படம் என்றது குரல். அடுத்துக் கோப்பின் எண்ணைச் சொன்னது. மீண்டும் படம், மீண்டும் ஓர் எண். இவ்வாறே பதினான்கு முறை ஒலித்தது. தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகளேனும் கைகொடுக்கும் என எண்ணினேன். அங்கோ அக்குரல் “ஜே, கே, பி, ஓ” என்று ஆங்கில எழுத்துகளை உளறிற்று.

மாணவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். குற்றஞ்சாட்டும் தொனி சிறிதும் இன்றி, “ஐயா, இதில் தமிழ் எதுவும் இல்லையே” என்றார்.

நூலகத்தின் மூலை அமைதியில் ஆழ்ந்தது. தமிழ்த்துறையின் இணையதளம், அதில் தமிழ் இல்லை!

நடந்தது என்ன என்பதை நண்பர் விளக்கினார். அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டுள்ளன. கண்ணுக்குத் ‘தமிழ்’ எனத் தோன்றுவது, கணிப்பொறியின் உள்ளே ஜே, கே, பி, ஓ எனும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ஒருங்குறியிலோ தமிழ் எழுத்துகளுக்கென்றே உரிய எண்கள் உண்டு. 1991ஆம் ஆண்டில் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடம் தரப்பட்டுவிட்டது. நான் ஏற்றிய கோப்புகளோ மலரை அச்சிட்டவரிடமிருந்து பெற்ற பழைய எழுத்துருக் கோப்புகள். அவற்றைத் தேடுபொறியும் அறியாது, திரைவாசிப்பானும் அறியாது. கண்ணுடையார்க்கு மட்டுமே அது தமிழ். பத்துக் குற்றங்களுள் இறுதியானதாகிய ‘நின்று பயன் இன்மை’ என் நினைவுக்கு வந்தது. என் கருவூலம் நின்றது, பயன்படவில்லை.

உண்மையைச் சொல்வதாயின், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதலில் வந்தது சினமே. ‘பேழை’ என்றால் என்னவென்று தெரியாத மாணவர்க்குத் தெரியவைப்பதன்றோ தமிழ்த்துறையின் கடமை? பொன்னிறம் எல்லார்க்குமா தெரியவில்லை? இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் மறுப்புரை எழுதினேன். விடியும் வேளையில் வேறொன்று நினைவில் எழுந்தது. எம்.ஃபில். ஆய்வேட்டின் முதல் படியை என் நெறியாளரிடம் கொடுத்தபோது, அவர் ஓர் இயல் முழுவதையும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார். அன்றும் இவ்வாறே சினந்தேன். ஆனால் அந்த இயலை மீண்டும் எழுதிய பிறகுதான் என் ஆய்வு எதைப் பற்றியது என்பதே எனக்கு விளங்கிற்று. விரிவுரையாளரான நாள் முதல் அந்தச் சிவப்பு மை என் கைக்கு மாறிவிட்டது. பிறர் ஏட்டில் அதனைப் பயன்படுத்திப் பழகிய கைக்கு, தன் ஏட்டில் அது படும்போது உண்டாகும் வலி மறந்துபோயிருந்தது.

மறுவாரம் திருத்தத் தொடங்கினோம். வந்த கருத்துகள் யாவற்றையும் ஏற்கவில்லை என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். அவையினர் சிலர் மருந்தும் சொல்லியிருந்தனர். ஒருவர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்கச் சொன்னார். மற்றொருவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரிக்கச் சொன்னார். இருவர் சொல்லையும் ஒருசேர ஏற்பது எங்ஙனம்? ஆகவே நாங்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். இடறிய இடம் எதுவெனச் சொன்னால், அதனை ஐயமின்றி ஏற்பது. அதற்குரிய மருந்து எதுவென்பதை மட்டும் நாங்களே ஆராய்ந்து முடிவு செய்வது. காலில் முள் தைத்த இடத்தை நடந்தவரே அறிவார். அதனை எடுக்கும் வழியை அவரே அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பேழை ‘பாடத்திட்டம்’ ஆயிற்று. சான்றோர் முற்றம் ‘ஆசிரியர்கள்’ ஆயிற்று. ஓடும் வரி நின்றது. முகவுரை நான்கு வரிகளாகச் சுருங்கிற்று. அதில் ‘பெருமை’ ஒருமுறைகூட இல்லை. வெண்ணிறப் பின்னணியில் கருநிற எழுத்து வந்தது. தோரண வளைவை மட்டும் விட்டுவைத்தோம். அது எவரையும் இடறவில்லை. கருவூலக் கட்டுரைகளை ஒருங்குறியில் ஏற்றுவதே பெரும்பணியாயிற்று. பழைய கோப்புகளை மாற்றுக் கருவியால் ஒருங்குறிக்கு மாற்றினோம்; நிழற்படமாக மட்டும் இருந்தவற்றை மாணவர்கள் ஆளுக்கொன்றாகத் தட்டச்சு செய்தனர். ஒருவர் அடித்ததை மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சந்திப்பிழையை வகுப்பில் கற்பித்தபோது காணாத அக்கறையை இப்பணியில் கண்டேன்.

ஒரு பருவம் கழிந்து அதே அவையை மீண்டும் கூட்டினோம். முதலாமாண்டு மாணவர் அரை நிமிடத்துக்குள் பாடத்திட்டத்தைத் திறந்து காட்டினார். இம்முறை மன்னிப்புக் கேட்கவில்லை. ஹாஜியார் தம் ஆசிரியரின் கட்டுரையைக் கண்டெடுத்து, நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கலானார். அதன்பின் எங்களோடு அவர் பேசவே இல்லை. முதுகலை மாணவர் கருவூலத்துள் ஒரு கட்டுரையைத் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டார். நான் அவருடைய பாராட்டை எதிர்நோக்கி நின்றேன் என்பதை மறைப்பானேன்! அவரோ, “ஐயா, மூன்றாவது பத்தியில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, வாக்கியம் முடியவில்லை” என்றார்.

மூல மலரை எடுத்துப் பார்த்தோம். அவர் கூறியது சரியே. பார்வையுள்ள இருவர் ஒப்பிட்டும் தப்பியதை, அவர் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். முன்பு வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர், இன்று அவையின் அதங்கோட்டாசானாக அமர்ந்திருந்தார்.

மாணவச் செல்வங்களே! கட்டுரையோ, கவிதையோ, இணையதளமோ, நீங்கள் ஆக்கியதை அவைமுன் வைக்கத் தயங்காதீர்கள். அவ்வாறு வைக்கும்போது, எளிதில் பாராட்டுவோரை மட்டும் அழைத்துக்கொள்ளாமல், உங்கள் படைப்பு சென்றடையாத ஒருவரையேனும் தேடி அழைத்து வந்து அமர்த்துங்கள். பெரியோர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே! எங்கள் இணையதளம் இன்றும் முற்றுப்பெறவில்லை. குறை கண்டவிடத்து எங்களுக்குச் சொல்லுங்கள். அம்மாணவர் சுட்டிய சொல்லை அன்று மாலையே சேர்த்துவிட்டோம்; அடுத்ததற்காகக் காத்திருக்கிறோம்.