‘இல்லை’ என்று போடச் சொன்னவன் நான்

தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். போலீஸ் வேலைக்கு அறிவிப்பு வந்துவிட்டால் என் கடையில் நிற்க இடமிருக்காது. வருகிறவர்களில் பெரும்பாலோர் மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்துப் பிள்ளைகள், பீடி சுற்றுகிற அம்மாமார் வளர்த்த பிள்ளைகள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துக்கொண்டு 18,200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் நிரந்தர அரசு வேலை என்றால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் நிலைக் காவலர் பணிதான். அவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் நான். அவர்களில் ஒரு பையனுக்கு நான் கேடு செய்தேன். அவன் பெயரை எழுதப்போவதில்லை. அவன் அனுபவித்தது போதும்.

எனக்குத் தகுதிகள் எல்லாம் மனப்பாடம். ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 167. பெண்களுக்கு 159, அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு 81, மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 விரிய வேண்டும். வயது 18 முதல் 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அந்த ஒரே விண்ணப்பத்தில் சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளும் சேர்ந்து வரும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் சொல்வேன். சார்பு ஆய்வாளர் வேலைக்குப் பட்டம் வேண்டும், குறைந்தது 20 வயது ஆக வேண்டும் என்று சொல்வேன்.

“அண்ணே, எனக்கு எதுக்குப் போடலாம்?” என்று கேட்டு நிற்கிற பிள்ளைக்கு வழி சொல்வதில் எனக்கு உண்மையான சந்தோஷம் இருந்தது. 168 சென்டிமீட்டர் உயரத்தோடு ஒரு பையன் வந்து, தன்னால் எந்தக் காலத்திலும் போலீஸ் ஆக முடியாது என்று கலங்கி நின்றான். “டிகிரியை முடி. குரூப் 1 எழுது. டிஎஸ்பிக்கு 165 போதும், ஐபிஎஸ்ஸுக்கும் அதே 165தான்” என்றேன். மத்தியப் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலேயே எழுதலாம் என்று தெரிந்ததும், இந்திக்குப் பயந்து ஒதுங்கியிருந்த பிள்ளைகளை நானே தேடிப் போய்ச் சொன்னேன். சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் தந்த தீர்ப்பினால் பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை சார்பு ஆய்வாளராக முடிந்தது. அந்தச் செய்தியை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

இப்படியே எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. போலீஸ் வேலை சம்பந்தமாக என்ன சந்தேகம் என்றாலும் அண்ணனைக் கேட்டால் தெரியும் என்பார்கள். அந்தப் பேருக்கு நான் அடிமையானேன். ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வராமல் போயிற்று.

கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சர்வர் இழுத்துக்கொண்டே இருந்தது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். விண்ணப்பத்தில், குற்ற வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்ற கேள்வி வந்தபோது, நான் கேடு செய்ததாகச் சொன்ன அந்தப் பையன் தயங்கினான். குனிந்து மெதுவாகச் சொன்னான். கோயில் கொடையில் இரண்டு தெருப் பையன்களுக்குள் நடந்த அடிதடியில் இவன் பேரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். எஃப்ஐஆர் போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, பிறகு ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச, சாட்சிகள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் விடுதலை.

“முடிஞ்ச கேஸ்தான தம்பி? விடுதலை ஆயாச்சுல்லா. எழுதினா தேவையில்லாமக் கிளறுவாங்க. ‘இல்லை’ன்னு போட்டுருவோம்.”

சொன்னது நான். மவுஸை அழுத்தியதும் நான்தான். அந்தக் கேள்விக்கு என்ன விதி என்று நான் அதுவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. உயரத்தையும் வயதையும் பார்த்துவிட்டு அறிவிப்பின் மீதிப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகிறவனாகவே இருந்திருக்கிறேன்.

அவன் படித்தான். தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்று பயந்து பயந்து இலக்கணம் படித்தான். 70 மதிப்பெண் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கினான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடினால் போதும். அவன் அதற்கு முன்பே முடித்தான். கயிறு ஏற, விடியுமுன்னே குளத்துக்கரைப் புளியமரத்தில் பழகினான். மருத்துவப் பரிசோதனையிலும் தேறினான். அவன் அம்மா எங்கள் கடைக்கு வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் முன்னடத்தை விசாரணை. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு அவன் பெயர் போகும், அந்த நிலையத்தின் பதிவேட்டிலேயே அந்த வழக்கு இருக்கும். ஒரு சிறுபிள்ளைகூட யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது. உண்மையை மறைத்ததாகக் குறிப்பிட்டு அவன் தேர்வை ரத்து செய்து உத்தரவு வந்தது.

அப்போதுதான் விதியைத் தேடி எடுத்துப் படித்தேன். இந்தப் பணிக்கான விதிகளில் 14(ஆ) என்று ஒன்று இருக்கிறது. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. சந்தேகத்தின் பலனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியாகப் போனதாலோ விடுதலையானவரையும் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று அதன் விளக்கம் சொல்கிறது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை ஏற்றிருக்கிறது. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், கேட்கிற தகவலை உண்மையாகத் தர வேண்டும், மறைத்தால் நியமனத்தை ரத்து செய்யலாம் என்றது. உண்மையைச் சொன்னாலும், முடிந்துபோன வழக்கை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை வேலை தருகிறவருக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இதைப் படித்ததும் என் மனம் ஓர் ஆறுதலைப் பிடித்துக்கொண்டது. உண்மையை எழுதியிருந்தாலும் அவனுக்கு வேலை கிடைத்திருக்காதே, நான் என்ன செய்ய? அந்த ஆறுதல் பொய். உண்மையை எழுதியிருந்தால் நேர்மையானவன் என்ற பலத்தோடு அவன் நீதிமன்றம் போயிருக்கலாம். நான் அவனை ஒரு பொய்யோடு அனுப்பிவிட்டேன். அதைவிட என்னைச் சுடுவது இன்னொன்று. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவன் என் கடைக்கு வந்துபோகிறவன். போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவன் சாட்சியைப் பிறழ வைத்து வெளியே வரக் கூடாது, கௌரவமான விடுதலைக்காக வழக்கை நடத்த வேண்டும், அல்லது வழக்கையே ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சண்டையில் அவன் கையை ஓங்கவில்லை என்பதை ஊரே அறியும். விதியைப் படித்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

இதோடும் முடியவில்லை. உத்தரவு வந்த பிறகு அவன் அப்பா கடைக்கு வந்து, “இவனே ஏதோ தப்பா நிரப்பிட்டான் போல தம்பி” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பையன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விளக்கம் கேட்டபோதும், விவரம் தெரியாமல் தானே நிரப்பியதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் என் பேரைக் காப்பாற்ற, நான் அவன் பேரைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெடுநாள் கழித்துத்தான் அவர்கள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வயது வரம்பைத் தாண்டிவிட்டான்.

என்னைப் போலக் கடை வைத்திருக்கிறவர்களே, அந்தக் கேள்விக்கு நீங்களாகப் பதில் போடாதீர்கள். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். வழக்கு உண்டு என்றால், எனக்குத் தெரியாது, வக்கீலைப் பார் என்று சொல்லி அனுப்புங்கள். விண்ணப்பம் போடுகிற தம்பி, தங்கச்சிகளே, பேரில் ஒரு சின்ன வழக்கு இருந்தாலும் எஃப்ஐஆர் நகலையும் தீர்ப்பு நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் தாலுகா நீதிமன்றத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் நடந்தது என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கக்கூடும். அதன் பிறகு வந்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் வராதீர்கள்.