பன்னிரண்டு குட்டிக் கேக்கும் ஒரு முட்டையும்

கேக் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் க்ரீம் ரோஜா, மேலே பிறந்தநாள் குழந்தையின் பெயர். இல்லையென்றால் டீக்கடை பாட்டிலில் அடுக்கி வைத்திருக்கும் கப் கேக். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பொருள்கள்தான். வீட்டில் கேக் செய்வதென்றால் ஓவன் வேண்டும், பீட்டர் வேண்டும், அதற்கென்று ஒரு வகுப்புக்கே போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய பேர். இதில் எதுவுமே தேவையில்லை. வேண்டியது பொறுமை மட்டும்தான். அதுவும் குழந்தைகளுக்கு அல்ல, பெரியவர்களுக்கு!

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. அம்மா, ஆச்சி, ஒன்பது வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். அப்பாவுக்கு வேலை வெளியூரில். அம்மாவும் வேலைக்குப் போகிறவர். அரையாண்டு விடுமுறை விட்டு நான்கு நாட்கள் ஆகியிருந்தன. டிவி ரிமோட்டுக்காக நடந்த சண்டை எல்லை மீறிப் போக, ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரு முடிவெடுத்தார். "இன்னைக்கு ரெண்டு பேரும் கேக் செய்யப் போறீங்க."

செய்யப் போகிறோம் அல்ல, போறீங்க! இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

ஏன் குட்டிக் கேக்?

குழந்தைகளோடு செய்யும்போது ஒரே பெரிய கேக்காகச் செய்வது புத்திசாலித்தனம் இல்லை. பெரிய கேக் வேக முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆறு வயதுப் பையனுக்கு முக்கால் மணி நேரம் என்பது ஒரு யுகம். சின்னக் கிண்ணத்தில் ஊற்றினால் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். அடுத்தது, ஒரே கேக் என்றால் "நான்தான் செய்தேன்" என்று சண்டை வரும். தனித்தனிக் கிண்ணம் என்றால் ஆளுக்கு ஆறு.

மூன்றாவது காரணம் வணிகவியல் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே என்பார்கள் அல்லவா? அதே கதைதான். பெரிய கேக் கருகினால் எல்லாமே போச்சு. பன்னிரண்டில் இரண்டு கருகினால் மீதிப் பத்து இருக்கும். குழந்தை தவறு செய்ய இடம் கொடுக்க வேண்டுமென்றால், அந்தத் தவறின் நஷ்டம் தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

அளவு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை

இந்தக் கேக்கின் கணக்கு மிக எளிது. முட்டை என்ன எடையோ அதே எடை வெண்ணெய், அதே எடை சர்க்கரை, அதே எடை மைதா. ஆங்கிலேயர்களின் பழைய பவுண்ட் கேக் இந்தச் சம எடைக் கணக்கில் வந்ததுதான். நான்கும் ஒவ்வொரு பவுண்ட் என்பதால் அந்தப் பெயர். விக்டோரியா மகாராணி பெயரில் வழங்கும் ஸ்பாஞ்ச் கேக்குக்கும் இதே கணக்குதான். இங்கிலாந்தில் குழந்தைகள் முதலில் செய்யப் பழகும் 'ஃபேரி கேக்' என்கிற குட்டிக் கேக்கும் இதே மாவுதான்.

அந்த வீட்டில் அன்று இரண்டு முட்டைகளை ஓட்டோடு தராசில் வைத்தார்கள். 110 கிராம். ஆகவே வெண்ணெய் 110, பொடித்த சர்க்கரை 110, மைதா 110. கூடவே ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சில சொட்டு வனிலா எசன்ஸ், மாவு கெட்டியாக இருந்தால் இரண்டு ஸ்பூன் பால். வெண்ணெயையும் முட்டையையும் முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் கலவை திரிந்துபோகும்.

எடை போட்டது பெண். தராசில் 112 காட்டியபோது ஒரு சிட்டிகை மைதாவைத் திரும்ப எடுத்தாள். 109 ஆனது. மறுபடி ஒரு சிட்டிகை போட்டாள். "ஒண்ணு ரெண்டு கிராம் கூடக் குறைய இருந்தா ஒண்ணும் ஆகாதுட்டி" என்றார் ஆச்சி. அவள் கேட்கவில்லை. 110 வந்த பிறகுதான் கையை எடுத்தாள். அப்படி ஒரு பயம் அவளுக்கு, தப்பாகிவிடுமோ என்று.

பையனுக்குச் சலிக்கும் வேலை. மைதாவோடு பேக்கிங் பவுடரைச் சேர்த்து மூன்று முறை சலிக்கச் சொன்னார்கள். அவன் தலை, மூக்கு, அடுப்படித் திண்டு எல்லாம் வெள்ளை. "இது என்ன பவுடர்? முகத்துக்குப் போடுறதா?" என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837ல் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடர் செய்தார். 1843ல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்காகப் பேக்கிங் பவுடர் செய்தார். சமையல் சோடா, அமிலப் பொடி, இரண்டையும் ஈரம் படாமல் பிரித்து வைக்கக் கொஞ்சம் ஸ்டார்ச். ஈரமும் சூடும் பட்டதும் வாயு கிளம்பி மாவைத் தூக்கிவிடும். ஒரு மனிதன் தன் வீட்டில் இருப்பவர் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்த பொருள், இன்று உலகத்தின் அடுப்படிகளில் எல்லாம் இருக்கிறது.

முட்டை

வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் மாற்றி மாற்றி அடித்தார்கள். பத்து நிமிடத்தில் மஞ்சள் நிறம் வெளுத்து, மெத்து மெத்தென்று வந்தது. சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. கேக்கின் மென்மைக்குப் பாதிக் காரணம் இந்தக் காற்றுதான். கை வலிக்கும், ஆனால் வேறு வழி இல்லை.

அடுத்தது முட்டை. அதுவரை எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வந்த பெண், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே உடைம்மா."

"ஏன், நீ உடை. சும்மா கிண்ணத்து ஓரத்துல ஒரு தட்டு தட்டு."

"வேண்டாம். நீ உடை."

கவிச்சி வாடை பிடிக்கவில்லை போல என்று அம்மா நினைத்தார். அப்போது சல்லடையைத் தட்டிக்கொண்டே பையன் சொன்னான்: "அக்கா முட்டையைத் தொடவே மாட்டாம்மா. நீ அன்னைக்கு அடிச்சேல்ல."

போன வருடம், ஒரு திங்கட்கிழமை காலை. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது, அம்மாவுக்கு ஆபீஸ் நேரம் ஆகிவிட்டது. முட்டை எடுத்துத் தருகிறேன் என்று வந்த பெண், தட்டோடு கீழே போட்டுவிட்டாள். எட்டு முட்டைகள். முதுகில் ஓர் அடி விழுந்தது. "ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு?" என்று ஒரு கத்தலும். அன்று மாலையே அம்மா அதை மறந்துவிட்டார். தரையைத் துடைத்தது ஆச்சி.

நாமக்கல்லிலிருந்து வருகிற முட்டை ஒன்றின் விலை ஆறேழு ரூபாய். எட்டு முட்டை என்றால் ஐம்பது ரூபாய் சொச்சம். அந்த ஐம்பது ரூபாய்க்காக ஒரு பிள்ளை ஒரு வருடமாக முட்டையைத் தொடவில்லை. அது அம்மாவுக்குத் தெரியக்கூட இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஏறாத நஷ்டங்கள் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. சமாதானம் சொல்லவும் இல்லை. பழைய தினசரி ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார். கிண்ணத்தைத் தூக்கி அதன் நடுவில் வைத்தார். தானும் உட்கார்ந்து, பெண்ணையும் உட்காரச் சொன்னார்.

"இனிமே எங்க விழும்? தரையிலதான இருக்கோம். உடை."

முதல் தட்டு மெதுவாக விழுந்தது. முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தட்டில் பாதி ஓடு நொறுங்கி உள்ளே விழ, வெள்ளைக்கரு விரலில் வழிந்தது. அவள் உடனே நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கை தானாகவே கிண்ணத்தை நோக்கி நீண்டுவிட்டது.

"விடுளா, பிள்ளையே எடுக்கட்டும்" என்றார் ஆச்சி.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைக்கு அவர் செய்த பெரிய வேலை. ஓட்டுத் துண்டை விரலால் எடுக்கப் போனால் வழுக்கிக்கொண்டே போகும். உடைந்த ஓட்டின் பாதியாலேயே அள்ளினால் சுலபமாக வந்துவிடும். ஆச்சி வழி சொல்ல, அவளே எடுத்தாள். இரண்டாவது முட்டை சுத்தமாக உடைந்தது. முதல்முறையாகச் சிரித்தாள்.

முட்டையை எப்போதும் தனிக் கிண்ணத்தில் உடைத்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். ஓடு விழுந்தாலும், முட்டை கெட்டிருந்தாலும் மற்றதெல்லாம் தப்பிக்கும்.

மூடியைத் திறந்தது யார்?

அடித்த முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு மைதாவைச் சேர்த்தார்கள். மைதா போட்ட பிறகு வேகமாக அடிக்கக் கூடாது, பதமாகப் புரட்ட வேண்டும். ஏனென்றால் மைதாவில் இருக்கும் புரதம் ஈரம் பட்டு அடிபட்டால் இழுவை கொடுக்க ஆரம்பிக்கும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், கேக்குக்கு ஆகாது.

பையன் கரண்டியை நக்கப் பார்த்தான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பச்சை முட்டையிலும் பச்சை மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். வெந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

ஓவன் இல்லாத வீடு. கனமான பழைய அலுமினியச் சட்டியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கினார்கள். சிலர் குக்கரிலும் இப்படிச் செய்வதுண்டு. அப்படியானால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வெண்ணெய் தடவி மாவு தூவிய எவர்சில்வர் கிண்ணங்களில் பாதிக்குச் சற்று மேலே வரை கலவை. முதல் தடவை ஆறு கிண்ணம். அடுப்புப் பக்கம் மட்டும் முழுக்க அம்மாவின் பொறுப்பு. சூடான மணலோடு விளையாட்டு கிடையாது.

எட்டாவது நிமிடம் அம்மாவுக்குப் போன் வந்தது. அம்மா இரண்டடி நகர, பையன் இடுக்கியை எடுத்து மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தான். கை சுடவில்லை, நல்லவேளை. ஆனால் உப்பிக்கொண்டிருந்த கேக்குகளின் நடு அமுங்கியது. வெந்து கெட்டிப்படும் முன் குளிர்ந்த காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். உள்ளே இருக்கும் வாயுவைத் தாங்க அதற்குச் சுவர் இன்னும் எழும்பியிருக்காது.

ஆறும் பள்ளமாக வந்தன. பையன் அழத் தயாராக இருந்தான். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பள்ளத்துல ஜாம் வைக்கலாம்லா."

வைத்தார்கள். அந்த ஆறுதான் முதலில் தீர்ந்தது.

இரண்டாவது ஆறு கிண்ணங்களும் இருபது நிமிடம் மூடிய சட்டிக்குள் இருந்தன. திறக்காமல் காவல் காத்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வந்தது. பொன்னிறமாக, நடுவில் சின்ன மேட்டோடு ஆறும் வந்தன.

லாப நஷ்டக் கணக்கு

வெண்ணெய்க்கு அறுபது ரூபாய்க்கு மேல், முட்டைக்கு பதிமூன்று, மற்றதெல்லாம் பதினைந்து. ஏறக்குறைய தொண்ணூறு ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றுக்கு ஏழரை ரூபாய். கேஸ் செலவு தனி. அடுப்படியைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம், அதன் கூலி சேர்க்கப்படவில்லை. கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.

அடுத்த வாரம் ஒரு காலை. அதே அவசரம், அதே வேன் ஹாரன். ஆம்லெட்டுக்கு முட்டை எடுக்கப் போனவளின் கையிலிருந்து ஒன்று நழுவி விழுந்து உடைந்தது. அம்மா திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தரைத் துணியை எடுக்கப் பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருக்கலாம், அக்கா பிள்ளைகள் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். கேக் எப்படி வந்தாலும் பரவாயில்லை, ஜாம் இருக்கிறது. முட்டையை மட்டும் அவர்களே உடைக்கட்டும்.