அஞ்சலட்டையும் பசையும்

அஞ்சல் நிலையத்தில் விற்கும் பொருள்களுள் அஞ்சலட்டையைப் போல எளியது பிறிதொன்றில்லை. அதற்கு உறை வேண்டுவதில்லை. தபால்தலை வாங்கி ஒட்டவும் வேண்டுவதில்லை. தலை அட்டையின்மேலேயே அச்சிடப்பட்டு வருகிறது. எழுதி, முகவரியிட்டு, பெட்டியில் இட்டால் போதும். பசை என்பதே தேவைப்படாத கடிதம் அது. ஆஸ்திரியா-ஹங்கேரி நாட்டில் 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் தோன்றிய இவ்வட்டை, 1879-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் நம் நாட்டில் காலணா விலைக்கு விற்பனைக்கு வந்தது. காலணாச் செலவில் காசியிலிருப்பவர் கடலூரிலிருப்பவரோடு பேசலாம் என்னும் நிலை, ஏழை எளியவர்க்குப் பெரும்பேறாயிற்று.

பசை வேண்டாத இவ்வட்டைக்குப் பசையிட்டு அழகு செய்ய நாம் முற்படும்போதுதான் அதற்குக் கேடு தொடங்குகிறது.

நம் முன்னோர் அட்டையை அழகு செய்யாதவர் அல்லர். திருமணம் முதலிய மங்கலச் செய்தியாயின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி விடுத்தனர். இறப்புச் செய்தியாயின் மூலையில் கருமை தீட்டினர். தபால்காரர் தெருமுனையில் வரும்போதே, எழுத்தறியாத மூதாட்டியும் அவர் கையிலுள்ள அட்டை எத்தகைய செய்தியைக் கொணர்கிறது என்று உணர்ந்துகொள்வார். துக்க அட்டையைப் படித்தவுடன் கிழித்தெறிவது வழக்கமாதலால், பழைய கடிதக் கட்டுகளில் மஞ்சள் மூலைகளைக் காணலாம். கருமூலைகளைக் காண்பது அரிது. மஞ்சள் வெயிலில் வெளுக்கும். ஆயினும் எழுத்தை மறைக்காது. இரண்டு அட்டைகளை ஒன்றோடொன்று பிணைக்காது. செய்தி சொல்வதற்கென்றே அமைந்த அழகு அது. இக்காலத்துச் சரிகைத் துண்டும் மினுமினுக்கும் பூவொட்டும் என்ன செய்தி சொல்கின்றன என்று எனக்கு விளங்குவதில்லை.

படித்த கடிதங்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவதும் அந்நாளைய வழக்கம். சிதம்பரத்தில் என் இளமையில் பல வீடுகளின் உத்தரங்களில் இக்கம்பிகளைக் கண்டிருக்கிறேன். துளையைச் சுற்றித் துருக்கறை படியும். அதுவும் சிதைவுதான், எனினும் அட்டையைக் கழற்றி இருபுறமும் படிக்கலாம்.

இருபுறமும் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். அட்டையின் ஒரு பக்கம் செய்திக்கு உரியது. மறுபக்கத்தில் முகவரி இருக்கும். இடம் போதாதபோது செய்தியின் எச்சமும் இருக்கும். இவற்றிற்கு மேலாக அஞ்சல் முத்திரை இருக்கும். எழுதுவோர் பலர் நாள் குறிப்பதில்லை. “இங்கு நலம், அங்கு நலமறிய அவா” என்று தொடங்கி எழுதி முடித்துவிடுவர். எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் எழுதினார் என்பதற்கு அம்முத்திரையே சான்று.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் ஒரு தொகுப்பேட்டைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையார் இரயில்வேப் பணியில் ஊர் ஊராகச் சென்றவர், பணியிலிருக்கும்போதே மறைந்தவர். அவர் எழுதிய இருபத்திரண்டு அட்டைகளையும் அன்னையார் அந்த ஏட்டில் ஒட்டி, சுற்றிலும் வண்ணத்தாளில் பூக்கள் வெட்டிப் பதித்திருந்தார். 2015-ஆம் ஆண்டு பெருமழையில் கெடிலத்து வெள்ளம் சூழ்ந்த நாட்களில் அவ்வேடு பரண்மேல் இருந்தது. நீர் தொடவில்லை, ஈரக்காற்று தொட்டுவிட்டது.

“ஐயா, அம்மாவும் இப்போது இல்லை. இவற்றுள் அப்பா கடைசியாக எழுதியது எது என்று அறியவேண்டும்” என்றார்.

அட்டைகளில் நாள் இல்லை. முத்திரைகள் யாவும் ஒட்டிய பக்கத்தில் இருந்தன.

அவ்வன்னையார் மூவகைப் பசைகளைக் கையாண்டிருந்தார். முதலில் ஒட்டியவை மைதாப் பசையால் ஒட்டியவை. மாவுப் பசை இராமபாணப் பூச்சிக்கு நல்ல இரை. புத்தகம் கட்டுவோர் அதில் மயில்துத்தம் கலப்பது இதனாலேயே. அப்பசைக்கு ஒரு நற்பண்பு உண்டு: ஈரம் பட்டால் இளகும். ஆனால் பேனா மையும் ஈரத்தில் கரையுமே! ஆதலின் அட்டையை நனைக்காமல், ஏட்டின் தாளை அட்டையைச் சுற்றி வெட்டியெடுத்து, அதன் முதுகுப் புறத்தைப் படலம் படலமாக உரித்தோம். கடைசிப் படலத்திற்கு மட்டும் ஈர ஒற்றுத்தாளைச் சிறிது பொழுது வைத்தோம். நான்கு மாலைப்பொழுதுகளில் ஒன்பது அட்டைகள் விடுபட்டன. ஆறில் முத்திரை தெளிவாக இருந்தது. இரண்டாவது வகை, கடையில் விற்கும் வெள்ளைப் பசை. அது உலர்ந்தபின் நீருக்கு எளிதில் இளகவில்லை. அட்டையே கிழியத் தொடங்கியது. அவற்றை அப்படியே விட்டோம்.

மூன்றாவது ஒட்டுநாடா. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு துரூ என்பவர் கண்ணாடித்தாளில் செய்த நாடாவின் வழிவந்தது இது. ஒட்டிய அன்று கண்ணுக்கே தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பிசின் காற்றோடு கலந்து மஞ்சளித்து, பிசுபிசுத்து, தாளின் நார்களுக்குள் இறங்கும். பிறகு மேல்நாடா சருகுபோல் தானே உதிரும். பழுப்புக் கறை மட்டும் நிலைத்துவிடும். கறையை நீக்கும் மருந்து பந்துமுனைப் பேனாவின் மையையும் நீக்கிவிடக்கூடும். அன்னையார் அழகிய அட்டைகளைப் பிற்காலத்தில் நாடாவால் பொதிந்திருந்தார். அவை எழுதப்பட்ட நாள் இன்றும் தெரியவில்லை. மாணவரின் வினாவிற்குப் பாதி விடையே கிடைத்தது. அன்பினால் செய்த செயல். குறைகூற எனக்கு நா எழவில்லை.

ஓலைக்காலத்தில் பசை இல்லை. ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்தனர், வேண்டும்போது அவிழ்த்தனர். வசம்பு வைத்துப் பூச்சியை விலக்கினர். அவ்வாறு பேணாது பூட்டி வைத்ததால் வந்த இழப்பைச் சிதம்பரம் நன்கறியும். தில்லைக் கோயிலின் அறையொன்றில் தேவார ஏடுகளைக் கரையான் மூடியிருந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றையே மீட்டதையும் மரபு கூறுகிறது. அதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1924 முதல் 1927 வரை இருந்தவர் உ. வே. சாமிநாதையர். ஓலைச் சுவடிகளைத் தேடிக் காத்த அப்பெருமகனார், தமக்கு வந்த கடிதங்களையும் காத்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரையுள்ளவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் நூலாக வெளிவந்துள்ளன. செய்யுளைக் காக்க முனைந்தவர், “இங்கு நலம்” என்னும் உரைநடையையும் எறிய மனங்கொள்ளவில்லை.

கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு ஈரமே முதற்பகை. அட்டையை ஏட்டில் வைக்க விரும்புவோர், நான்கு மூலைகளையும் செருகத்தக்க சிறு முக்கோணத் தாளுறைகளைச் செய்து, அவ்வுறைகளுக்கு மட்டும் பசையிட்டு ஏட்டில் ஒட்டலாம். அட்டை பசையைத் தொடாது. நாள், ஊர் முதலியவற்றை ஏட்டின் தாளில் கரிக்கோலால் எழுதலாம். நண்பர்க்கு அனுப்பும் அட்டையை அழகு செய்ய விரும்பினால் வண்ணக் கரிக்கோலால் நேரே அதன்மேல் வரையலாம். மூலையில் சிறிது மஞ்சள் தடவினாலும் எனக்கு மகிழ்ச்சியே. எங்கள் வீட்டில் கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் தளர்வாக அடுக்கப்பட்டுள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் பெட்டியைத் திறந்து, அவற்றை ஒரு பகல் நிழலில் காற்றாட வைத்து, அடுக்கி மூடுகிறோம்.