பவுலுக்கும் கவலை இருந்தது

பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆன பிறகு உன் அடுப்படியே மாறிப்போனதாகச் சின்னவள் சொன்னாள். காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுகிறாய். இளநீர் வீட்டுக்குள் வருவதில்லை. காலையில் பாட்டிலில் அளந்து வைப்பதுதான் ராத்திரி வரைக்கும் அவருக்குத் தண்ணீர். அவர் கண்ணில் படக்கூடாது என்று நீ பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டு குடிக்கிறாயாம். இவ்வளவும் செய்துவிட்டு என்னிடம் கேட்கிறாய்: “ஜெபம் பண்ண உட்கார்ந்தா வார்த்தையே வரலக்கா. மனசுல சமாதானம் இல்ல. என் விசுவாசம் செத்துப்போச்சா?”

இந்தக் கேள்வி உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். பார்க்க வந்த யாரோ, விசுவாசம் சரியாக இருந்தால் மிஷின் எதற்கு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேதம் வாசிக்கட்டும், பார்ப்போம்.

உன் வீட்டு ஹாலில் தொங்குகிற காலண்டரில் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்து வசனம் இருக்கிறது. கவலையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஜெபத்தில் சொல், தேவன் தரும் சமாதானம் உன்னைக் காக்கும் என்கிற வசனம். அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றம் செய்தவள் மாதிரி இருக்கிறது என்றாய். ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்துக் காலண்டரில் போடுவதில் இதுதான் தொல்லை. நிருபம் முழுக்கவே நாலு அதிகாரம்தான். இட்லி வேகிற நேரத்தில் வாசித்துவிடலாம். வாசித்துப் பார்.

பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதுகிறார். அந்தக் காலத்தில் கைதிக்கு வெளியிலிருந்து யாராவது உதவினால்தான் பாடு கழியும். பிலிப்பி சபையார் அவருக்கு வேண்டியதை எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். வந்த இடத்தில் அந்த மனுஷன் நோயில் விழுந்து சாகக் கிடக்கிறார். ஊரில் இருக்கிறவர்களுக்குச் செய்தி போய், அவர்கள் கலங்க, அவர்கள் கலங்குகிறார்களே என்று இவர் படுக்கையில் கிடந்து வருந்துகிறார். நம் வீட்டில் நடப்பதேதான்! அவர் பிழைத்த பிறகு பவுல் என்ன எழுதுகிறார் தெரியுமா? தேவன் அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் இரக்கம் பாராட்டினார், இல்லாவிட்டால் என் துக்கம் இரட்டித்திருக்கும் என்கிற மாதிரி எழுதுகிறார். அவரை உங்களிடம் அனுப்பினால் என் துக்கமும் கொஞ்சம் குறையும் என்கிறார். இது இரண்டாம் அதிகாரம். கவலைப்படாதீர்கள் என்பது நாலாம் அதிகாரம். இரண்டையும் சொன்னது ஒரே ஆள், ஒரே கடிதத்தில்.

ஆகவே கவலையும் சமாதானமும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பது என் எண்ணம். ஒன்று வந்தால்தான் மற்றது போகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நீ மருந்துச் சீட்டைப் பார்த்துப் பார்த்து மாத்திரை எடுத்து வைக்கிறாயே, அந்தக் கை நடுங்கவில்லையே, அது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறாய்?

வார்த்தை வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள். ஏமான் என்கிறவர் பாடியது. மற்றப் புலம்பல்கள் அழுகையில் ஆரம்பித்தாலும் முடிவில் பெரும்பாலும் துதிக்கு வந்துவிடும். இது வராது. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் என்று கேட்டு, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள் பார். கடவுளிடம் சண்டை போடுகிறவள், அவர் கேட்கிறார் என்று நம்புவதால்தானே சண்டை போடுகிறாள்?

எலியாவை எடுத்துக்கொள். யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். தூதன் திட்டவில்லை, இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நீ எப்போது கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டாய்?

நம்ம டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையாரையும் நினைத்துக்கொள். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர், 1951-இல் கண்மூடும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். வலி, தூக்கம் இல்லாத ராத்திரிகள். சுகமாயிருக்கிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதியது அவருக்கு ஒட்டவில்லை. அதனால் படுக்கையிலிருந்தே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை புத்தகமாகவும் வந்தன. நீயும் வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சை விட்டுவிடு. டயாலிசிஸ் வார்டு வாசலில் உன்னைப் போலவே பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களோடு பேசு. அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி.

அத்தான் போன பிறகு நான் ஆலயத்துக்குப் போனேன், வாய் திறக்கவில்லை. கீர்த்தனை பாடுவார்கள், எனக்குச் சத்தம் வராது. விசுவாசப்பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்திருப்பார்கள், நானும் எழுந்து சும்மா நிற்பேன். பக்கத்தில் நின்ற போதகரம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உரக்கச் சொல்வார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று அப்போது தோன்றும். அந்த நாட்களில் என்னைத் தாங்கியது என் விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது, சபையின் விசுவாசம் என்று சொல்லலாம். சொந்த வார்த்தை இல்லாத நாளுக்கென்றுதான் பரமண்டல ஜெபம் இருக்கிறது. அதை ஒரு தடவை சொல்லிவிட்டுப் படுத்துக்கொள், போதும். மீதியை நாங்கள் இங்கே குடும்ப ஜெபத்தில் சொல்கிறோம்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மாப்பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு நான் போகிறேன், நீ வீட்டில் தூங்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வை, திங்கட்கிழமை நானே அலைகிறேன். கருப்பட்டி கொண்டுவருகிறேன், அது உனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். மாப்பிள்ளைக்கு ஆகாதென்று சின்னவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அக்கா